பழைய ஆங்கிலச் சொற்களுக்குச் சரியான பொருள் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய ஆங்கில நூலைக் கையில் எடுப்பவர்கள் முதலில் பயப்படுவது இதுவரை கேள்விப்படாத சொற்களைப் பார்த்துத்தான். அந்தச் சொற்களால் பெரிய ஆபத்து இல்லை. தெரியாது என்று உறைத்ததும் அகராதியை எடுத்துவிடுவோம், வேலை முடிந்துவிடும். ஏமாற்றுபவை நமக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள். 'லெட்', 'மீட்', 'சஃபர்', 'ப்ரிவென்ட்' என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே சொற்கள் 400 ஆண்டுக்கு முந்தைய பக்கத்தில் வேறு பொருளோடு நிற்கும். சந்தேகமே வராததால் அகராதியைத் திறக்க மாட்டோம். வாக்கியம் மட்டும் எங்கோ இடிக்கும்.

ஆங்கில இலக்கியம் படிக்கத் தொடங்கும் மாணவர்கள், கிங் ஜேம்ஸ் பைபிளை வாசிப்பவர்கள், வீட்டுப் பீரோவில் கிடக்கும் பிரிட்டிஷ் காலத்துப் பத்திரத்தைப் புரிந்துகொள்ள நினைப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இதற்கு ஆங்கிலப் புலமை வேண்டாம். கொஞ்சம் பொறுமையும், 'இந்தச் சொல் அந்த வருடத்தில் என்ன பொருள் தந்தது?' என்று கேட்கும் பழக்கமும் போதும்.

முதலில் காலத்தைக் கண்டுபிடியுங்கள்

அகராதியைத் தொடுவதற்கு முன்னால், எழுதப்பட்ட ஆண்டை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பலர் ஷேக்ஸ்பியரை 'ஓல்ட் இங்கிலிஷ்' என்று சொல்வார்கள். மொழியியலில் அந்தப் பெயர் சுமார் 1100 வரையிலான ஆங்கிலத்துக்கு உரியது. அதை இன்றைய ஆங்கிலேயரே தனி மொழி போலப் படித்துத்தான் கற்க வேண்டும். அடுத்து சுமார் 1500 வரை இடைக்கால ஆங்கிலம். 1400-இல் இறந்த கவிஞர் சாசர் எழுதியது அது. அதன் பிறகு சுமார் 1700 வரை முன்நவீன ஆங்கிலம். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளும், 1616-இல் இறந்த ஷேக்ஸ்பியரின் நாடகங்களும் இதில்தான் வரும். நாம் பெரும்பாலும் எதிர்கொள்வது இந்த மூன்றாவது கட்டத்தையும் அதற்குப் பின் வந்த 18, 19-ஆம் நூற்றாண்டு எழுத்தையும்தான்.

மறுபதிப்பாக இருந்தால் பதிப்பு ஆண்டைப் பார்க்காதீர்கள், முதலில் எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். அந்த ஒரு எண்தான் பின்னால் அகராதியில் எந்தப் பொருளை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கப்போகிறது.

எழுத்து வடிவம் கண்ணை ஏமாற்றும்

இணையத்தில் கிடைக்கும் பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகளைப் படிப்பவர்களுக்கு இது அவசியம். சுமார் 1800 வரை அச்சான நூல்களில், சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் 'எஸ்' எழுத்தை நீட்டிப் போடுவார்கள். பார்க்க 'எஃப்' போலவே இருக்கும். உற்றுப் பார்த்தால் குறுக்குக்கோடு வலப்பக்கம் நீளாது. 'சின்' என்ற சொல் 'ஃபின்' போலத் தெரியும். ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றும் கணினி எழுத்துணரிகளும் இதில் ஏமாந்து 'எஃப்' என்றே பதிவு செய்திருக்கும். ஆகவே தேடலில் சொல் கிடைக்காவிட்டால் 'எஸ்' இருக்கும் இடத்தில் 'எஃப்' போட்டு ஒருமுறை தேடிப் பாருங்கள்.

1600-களின் தொடக்க அச்சில் 'யு'வும் 'வி'யும் ஒரே எழுத்தின் இரு வடிவங்கள். சொல்லின் தொடக்கத்தில் 'வி', நடுவில் 'யு' என்று போட்டார்கள். 'ஐ', 'ஜே' கதையும் அதேதான். அப்புறம், கடைப் பலகைகளில் பழமை காட்டுவதற்காக 'யீ ஓல்ட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 'ஒய்' போலத் தெரிவது 'தார்ன்' என்ற பழைய எழுத்தின் தேய்ந்த வடிவம், அதன் ஒலி 'த'. எனவே அந்தச் சொல்லை 'தி' என்றுதான் படிக்க வேண்டும்.

'நீ'யும் 'நீங்க'ளும்: நமக்குக் கிடைத்த சலுகை

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது 'தௌ', 'தீ', 'தை' என்ற சொற்களில். தமிழருக்கு இது எளிது. 'தௌ' என்றால் நீ. 'தீ' என்றால் உன்னை, உனக்கு. 'தை', 'தைன்' இரண்டும் உன்னுடைய. 'யூ' என்பது நீங்கள். இதன் கூடவே வினைச்சொல்லின் வாலும் மாறும். 'தௌ' வந்தால் 'ஆர்ட்', 'ஹாஸ்ட்', 'ஷால்ட்' என்று முடியும். அவன், அவள், அது வந்தால் 'ஹாத்', 'டோத்', 'கமெத்' என்று 'த்' ஒலியில் முடியும். வேறொன்றும் இல்லை. இந்த வால்களைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது இன்றைய வினைச்சொல்.

இன்றைய ஆங்கிலத்தில் எல்லாருக்கும் 'யூ'தான். அதனால் ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்கள் பழைய நூல்களில் 'தௌ' வந்து 'யூ' ஆக மாறும் இடங்களைக் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். நமக்கு அந்த மாற்றம் உடனே சுடும். ஹாம்லெட் நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், தாய் கெர்ட்ரூட் மகனைப் பார்த்து, 'ஹாம்லெட், நீ உன் தகப்பனை மிகவும் நோகடித்துவிட்டாய்' என்கிறாள். 'தௌ' போட்டுத்தான் சொல்கிறாள், மகனிடம் பேசும் உரிமையோடு. அவள் குறிப்பிடுவது தன் இரண்டாவது கணவனை. ஹாம்லெட்டின் பதில்: 'அம்மா, நீங்கள் என் தகப்பனை மிகவும் நோகடித்துவிட்டீர்கள்.' அவன் குறிப்பிடுவது செத்துப்போன தன் அப்பாவை. சொற்கள் கிட்டத்தட்ட அவையேதான். அடுத்த வரியில் தாயும் 'தௌ'வை விட்டு 'யூ'வுக்குத் தாவிவிடுகிறாள். கோபம் வந்தால் பிள்ளையைப் பார்த்து 'நீங்க பெரிய ஆளாயிட்டீங்க' என்று சொல்லும் அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தாவலை விளக்கத் தேவையில்லை.

'தௌ' அவமதிப்பாகவும் வரும். 1603-இல் சர் வால்டர் ராலே மீது நடந்த ராஜதுரோக வழக்கில், அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை வேண்டுமென்றே 'தௌ' என்று அழைத்து, அப்படி அழைக்கிறேன் என்று சொல்லியும் காட்டினார். அதே 'தௌ' பைபிளில் கடவுளைக் கூப்பிடும்போதும் வரும். நம் பக்திப் பாடல்களில் இறைவனை 'நீ' என்று அழைக்கிறோம் அல்லவா, அப்படி எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஆகவே 'தௌ' எங்கே வந்தாலும் யார் யாரிடம் எந்த மனநிலையில் பேசுகிறார் என்று பாருங்கள். அன்பா, உரிமையா, வசையா என்பது பேசுபவரைப் பொறுத்தது.

ஒரு சொல்லை முழுதாகத் தேடிப் பார்ப்போம்

ஹாம்லெட்டின் முதல் அங்கத்தில் தந்தையின் ஆவி கைகாட்டி அழைக்கிறது. அதன் பின்னால் போக முயலும் ஹாம்லெட்டை நண்பர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். அவன் வாளை எடுத்துக்கொண்டு, 'என்னை லெட் செய்பவனை ஆவியாக்கிவிடுவேன்' என்கிறான். இன்றைய பொருளில் 'லெட்' என்றால் அனுமதிப்பது. அனுமதிப்பவனை ஏன் கொல்ல வேண்டும்?

இந்த இடறல்தான் முதல் அடையாளம். வாக்கியம் தலைகீழாகத் தெரிந்தால், சொல் எவ்வளவு எளிதாக இருந்தாலும் அதன் அடியில் கோடு போடுங்கள். உடனே அகராதிக்குப் போகாமல், முன்னும் பின்னும் இரண்டு வரி படித்து, அங்கே என்ன பொருள் பொருந்தும் என்று நீங்களே தமிழில் எழுதுங்கள். இங்கே 'தடுப்பவனை' என்று யாரும் ஊகித்துவிடலாம்.

இப்போது அகராதி. நல்ல அகராதியில் 'லெட்' என்ற தலைச்சொல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை, எண் போட்டுத் தனித்தனியாக இருக்கும். புதியவர்கள் முதல் பதிவோடு நின்றுவிடுவார்கள். கடைசிப் பதிவு வரை போங்கள். பழங்காலத்தில் ஒலியிலும் எழுத்திலும் வேறுபட்ட இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்றுக்கு அனுமதிப்பது என்றும், மற்றதற்குத் தடுப்பது என்றும் பொருள். காலப்போக்கில் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. ஒரே சொல்லுக்கு நேர் எதிரான இரண்டு பொருள் வந்தது அப்படித்தான்.

கண்ட பொருளை வாக்கியத்தில் பொருத்திப் படியுங்கள். 'என்னைத் தடுப்பவனை ஆவியாக்கிவிடுவேன்.' உட்கார்ந்துவிட்டது. அத்தோடு நிறுத்தாமல், அதே பொருளில் இந்தச் சொல் வேறெங்கே வருகிறது என்று இன்னோர் இடமாவது தேடுங்கள். இதற்குத் தூரம் போக வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திறந்தால், குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சிட்டிருக்கும். இதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்', அதாவது எந்தத் தடையும் இடையூறும் இல்லாமல் போகவிடுங்கள் என்று. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையில் பட்டு எதிர்க்கட்டத்தில் விழுந்தால் 'லெட்' என்கிறார்களே, அதிலும் இருப்பது தடை என்ற பொருள்தான்.

பக்கத்து வரிகள் தரும் சாட்சியை நான் அகராதிக்கு இணையாக மதிக்கிறேன். 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் வேலை சொல்லும் எஜமானனிடம் ஏரியல் 'ப்ரெஸன்ட்லி?' என்று கேட்கிறான். 'ஆமாம், கண் இமைக்கும் நேரத்தில்' என்பது பதில். அந்தக் காலத்தில் 'ப்ரெஸன்ட்லி' என்றால் உடனே என்று பொருள் என்பதை அந்தப் பதிலே சொல்லிவிடுகிறது. ஜூலியட் மாடத்தில் நின்று 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்று சொல்வதை, 'ரோமியோ, எங்கே இருக்கிறாய்?' என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த வரியில் அவள் உன் தகப்பனை மறுத்துவிடு, உன் பெயரைத் துறந்துவிடு என்கிறாள். தேடுகிறவள் கேட்கும் கேள்வி அல்ல அது. 'நீ ஏன் ரோமியோவாக, எதிரிக் குடும்பத்துப் பிள்ளையாக இருக்கிறாய்?' என்ற ஏக்கம். 'வேர்ஃபோர்' என்றால் ஏன்.

எந்த அகராதி?

கைபேசியில் வரும் சின்ன அகராதிகள் இதற்கு உதவாது. அவை இன்றைய பொருளை மட்டும் தரும். வேண்டியது, ஒவ்வொரு பொருளும் எந்தக் காலத்தில் வழங்கியது என்று மேற்கோளோடு காட்டும் வரலாற்று அகராதி. அதில் முதலிடம் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கு. 1857-இல் எழுந்த யோசனை அது. முதல் பகுதி 1884-இல் வந்தது, முழுமையானது 1928-இல். நீண்ட காலம் அதன் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் மர்ரே 1915-இல் இறந்தார், நிறைவைப் பார்க்கவில்லை. பொதுமக்கள் நூல்களைப் படித்து, சொல் வந்த வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பி உருவாக்கிய நூல் அது. ஒரு பொருளின் கீழ் உள்ள முதல் மேற்கோளின் ஆண்டையும் கடைசி மேற்கோளின் ஆண்டையும் பாருங்கள். நீங்கள் குறித்து வைத்த ஆண்டு அந்த இடைவெளிக்குள் விழுந்தால் அந்தப் பொருளை எடுக்கலாம். விழாவிட்டால், எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் சந்தேகப்படுங்கள். இன்றைய இணையப் பதிப்புக்குச் சந்தா வேண்டும். பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். முதல் பதிப்பின் பழைய தொகுதிகள் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

18-ஆம் நூற்றாண்டு எழுத்துக்கு சாமுவேல் ஜான்சனின் 1755-ஆம் ஆண்டு அகராதி, 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்துக்கு வெப்ஸ்டரின் 1828-ஆம் ஆண்டு அகராதி. இரண்டும் இணையத்தில் இலவசம். அந்தக் காலத்து மனிதரே அந்தக் காலத்துச் சொல்லுக்குச் சொன்ன பொருள் என்பதால் இவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

குறியீடுகளையும் பழகிக்கொள்ளுங்கள். 'ஆப்ஸலீட்' என்றால் வழக்கொழிந்தது. 'ஆர்க்கேயிக்' என்றால் பழமை மணத்துக்காகவோ சில தனி இடங்களிலோ மட்டும் இன்னும் வருவது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 1755-க்குப் பிறகு வழங்கியதற்குச் சான்று இல்லாத சொல்லுக்குத்தான் முதல் முத்திரையைக் குத்தும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் தலைச்சொல்லுக்கு முன்னால் சிறு குத்துவாள் குறி இருந்தால் அது வழக்கொழிந்த சொல்.

தமிழில் பொருள் வேண்டுமானால் சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட, அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பித்த ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியம் இருக்கிறது. அரிய சொற்களுக்கும் அதில் தமிழ் கிடைக்கும். காலக்குறிப்பு இருக்காது என்பதால், முதலில் வரலாற்று அகராதியில் பொருளை உறுதிசெய்துகொண்டு, பிறகு தமிழுக்காக இதற்கு வருவதே நல்லது.

பக்கத்தில் ஒரு தமிழ் வேதாகமம்

கிங் ஜேம்ஸ் பைபிளை வாசிப்பவர்கள் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதை நான் பலமாகச் சிபாரிசு செய்கிறேன். மத நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, பழைய ஆங்கிலம் பழக இதைவிட எளிய வழி தமிழருக்கு இல்லை.

மாற்கு 10:14-இல் ஆங்கிலம் குழந்தைகளை 'சஃபர்' பண்ணச் சொல்கிறது. துன்பப்படச் சொல்வதாக நினைத்துத் திகைப்போம். தமிழில் 'சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்' என்று இருக்கும். அந்தக் காலத்து 'சஃபர்' அனுமதிப்பதையும் குறித்தது. ஆதியாகமம் 1:29-இல் பூண்டுகளும் கனிகளும் மனிதருக்கு 'மீட்' ஆக இருக்கும் என்கிறது ஆங்கிலம். தமிழில் 'ஆகாரம்'. இறைச்சி என்று சுருங்குவதற்கு முன் 'மீட்' எல்லா உணவுக்கும் பொதுப்பெயர். முதலாம் தெசலோனிக்கேயர் 4:15-இல் வரும் 'ப்ரிவென்ட்' தமிழில் 'முந்திக்கொள்வதில்லை' என்று இருக்கிறது. லத்தீன் மூலத்தின்படி 'ப்ரிவென்ட்' என்றால் முன்னால் வருவதுதான். முன்னால் வந்து நிற்பதிலிருந்து தடுப்பது என்ற பொருள் பிறகு கிளைத்தது.

பத்திரமும் கல்லறையும்

பழைய ஆங்கிலப் பத்திரங்களில் சொற்கள் பயமுறுத்தும், ஆனால் திரும்பத் திரும்ப வருபவை கொஞ்சம்தான். 'விட்னஸெத்' என்பது வால் ஒட்டிய 'விட்னஸ்', இந்த ஆவணம் சாட்சியாகச் சொல்கிறது என்று அர்த்தம். 'மொய்ட்டி' என்றால் சரிபாதி. 'மெஸ்வேஜ்' என்பது வீடும் அதைச் சேர்ந்த கட்டடங்களும் மனையும். 'அப்பர்ட்டனன்ஸஸ்' என்பது அந்தச் சொத்தோடு ஒட்டிவரும் உரிமைகள், நம் பத்திரங்களில் வழிநடை பாத்தியம் போல எழுதுகிறோமே, அவை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் வரும் 'யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ்' ஊர்ப்பக்கம் ஒத்தி, போக்கியம் என்று சொல்வதுதான். பொருள் புரிந்துகொள்ள இவ்வளவு போதும். சொத்து பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தால் பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கல்லறைக் கல்லிலும் சர்ச் பதிவேட்டிலும் 'ரெலிக்ட்' என்று இருந்தால் விதவை. 'கன்ஸம்ப்ஷன்' காசநோய். 'ஏகியூ' நடுங்கவைத்து விட்டு விட்டு வரும் குளிர்காய்ச்சல், பல சமயம் மலேரியா. 'ட்ராப்ஸி' உடம்பில் நீர் கோத்து வீங்குவது. இதயம், சிறுநீரகம், ஈரல் எதில் கோளாறு இருந்தாலும் அப்படி வீங்கலாம். அதனால் பழைய நோய்ப்பெயருக்கு இன்றைய ஒரே ஒரு நோயை இணையாக எழுதிவிடாதீர்கள்.

கம்பெனிக் காலத்துக் கடிதங்களில் வரும் 'துபாஷ்' (மொழிபெயர்ப்பாளர்), 'ஷ்ராஃப்' (நாணயம் மாற்றுபவர்), 'மொஃபசில்' போன்றவற்றுக்கு 1886-இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி இருக்கிறது. யூல் என்பவரும், மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய பர்னெல் என்பவரும் தொகுத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகத்தில் இலவசமாகத் தேடலாம். கோயம்பேடு பேருந்து நிலையத்துக்கு 2018-இல் எம்.ஜி.ஆர். பெயர் வைக்கும்வரை அதன் ஆங்கிலப் பெயரில் இருந்த 'மொஃபசில்', தலைநகருக்கு வெளியே உள்ள மாவட்டங்களைக் குறித்த சொல்.

இல்லாத சொற்களும் உண்டு

'அரிய ஆங்கிலச் சொற்கள்' என்று சமூக ஊடகங்களில் சுற்றும் பட்டியல்களை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு சொல் உண்மையில் வழங்கியதா என்பதற்கு மேற்கோள்தான் சான்று. யார், எந்த நூலில், எந்த ஆண்டில் எழுதினார் என்று காட்ட முடியாவிட்டால் ஒதுக்கி வையுங்கள். பேரகராதிகளுக்கே இது நேர்ந்திருக்கிறது. 1934-இல் வந்த வெப்ஸ்டர் அகராதியில் அடர்த்தி என்ற பொருளில் 'டோர்ட்' என்று ஒரு சொல் இருந்தது. அப்படியொரு சொல்லே கிடையாது. அடர்த்திக்குப் பெரிய 'டி' அல்லது சின்ன 'டி' சுருக்கமாக வரும் என்று எழுதிய சீட்டை, இடையில் இருந்த 'ஆர்' என்பதோடு சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். 1939-இல்தான் ஓர் ஆசிரியர் கவனித்தார். சொற்பிறப்பு காட்டப்படாமல் அந்தப் பதிவு இருந்ததுதான் அவருக்குச் சந்தேகம் கிளப்பியது.

குறிப்பேடும் தொடக்கமும்

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சொல், அது வந்த முழு வாக்கியம், நூலின் ஆண்டு, உங்கள் ஊகம், அகராதி சொன்ன பொருள் என்று எழுதுங்கள். ஊகத்தை அழிக்காமல் விட்டுவைப்பது முக்கியம். சில வாரங்களில் அது சரியாகிக்கொண்டே வருவதை நீங்களே பார்ப்பீர்கள். தனிச்சொல்லை மட்டும் எழுதி மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், 16 அதிகாரமே கொண்ட மாற்கு சுவிசேஷத்தைச் சொல்வேன். கதை வேகமாகப் போகும், வாக்கியங்கள் சிறியவை, தமிழ் பக்கத்திலேயே இருக்கும். தினம் அரை அதிகாரம் போதும். அது முடிந்ததும் ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம். இடப்பக்கம் உரைக்குறிப்பும் வலப்பக்கம் நாடகமும் உள்ள பள்ளிப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். முதல் வாசிப்பில் இடப்பக்கத்தைத் தாளால் மூடி வைத்து, கோடு மட்டும் போட்டுக்கொண்டே போங்கள். காட்சி முடிந்த பிறகு தாளை எடுங்கள்.